மெத்தைக்கு அடியில் வந்த தண்ணீர்



எனக்குக் கவிதை எழுத வராது. ஆகவே வகுப்பில் படித்த ஒரு பாடம் எங்கள் வீட்டுக்கு உதவிய கதையை இம்மலரில் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா லாரி டிரைவர். திருநெல்வேலியிலிருந்து பெங்களூருக்கு லோடு அடிக்கிறார். கேபினில் சீட்டுக்குப் பின்னால் தகரம், அதன்மேல் பிளைவுட் பலகை, அதன்மேல் ஃபோம் மெத்தை. ராத்திரி வண்டியை ஓரங்கட்டினால் அதுதான் படுக்கை.

மார்கழியில் ஓசூர் பக்கம் படுத்து எழுந்தால் மெத்தையின் அடிப்பக்கம் நனைந்திருக்கும். கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சணம். அப்பாவுக்கு இருமல் விடவில்லை. கூரை ஒழுகுகிறது என்று எம்சீல் வாங்கி அடைத்தார். ஈரம் நிற்கவில்லை. பலகைமேல் பாலிதீன் விரித்தார், இன்னும் மோசம். பத்தமடைக் கோரைப்பாய் போட்டார், பாயிலும் பூஞ்சணம். கடைசியில் கடன் வாங்கிப் புது மெத்தை எடுக்கலாம் என்றார். அந்த மாதம்தான் என் பரீட்சை பீஸும் கட்ட வேண்டும்.

"மழையே பெய்யல, பொறவு எங்கயிருந்துலே தண்ணி வருது?" என்று கேட்டார்.

"எப்பா, மேலேருந்து வரல. ஒங்ககிட்டேருந்துதான் வருது."

"நானாலே ஒழுகுதேன்?"

சிரித்துவிட்டார். ஆனால் உண்மை அதுதான்.

காரணம்

சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் ஆவி இருக்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம்தான். 10 டிகிரியில் 9 சொச்சம். குளிர்ந்தால் மிச்சம் தண்ணீராகப் பிரியும். பிரியத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை, அதாவது டியூ பாயிண்ட். காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 21. நன்னாரி சர்பத் கிளாஸின் வெளிப்பக்கம் வேர்ப்பது இதனால்தான்.

தூங்குகிறவர் மூச்சிலும் தோலிலுமாக ஒரு ராத்திரியில் ஒரு டம்ளர் தண்ணீரையாவது ஆவியாக விடுகிறார். கொசுவுக்குப் பயந்து கண்ணாடியை முழுக்க ஏற்றினால் அது வெளியே போகாது. மெத்தையின் மேலே உடம்புச் சூடு, கீழே பனியில் குளிர்ந்த தகரம். ஃபோம் வழியாக இறங்கும் ஆவி அடியில் போய்த் தண்ணீராகிறது. பாலிதீன் போட்டால் பலகை குடிக்கும் ஈரத்தையும் தடுத்து மெத்தையிலேயே நிறுத்திவிடும். பாய் ஈரத்தைக் குடிக்கும், ஆனால் தட்டையாக ஒட்டிக் கிடப்பதால் காயாது.

செய்தது

1. பாலிதீனை எடுத்து எறிந்தோம்.
2. பலகைமேல் ஒரு அங்குல ரீப்பர் கட்டைகளை இரண்டு அங்குல இடைவெளி விட்டு அடித்தோம். மெத்தை அதன்மேல். காற்று ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் போக வழி விட்டோம்.
3. மெத்தை தகரச் சுவரில் ஒட்டாதபடி இரண்டு விரல் தள்ளிப் போட்டோம்.
4. இரண்டு பக்கக் கண்ணாடியும் கொஞ்சம் இறக்கி, கொசுவலை ஒட்டினோம்.
5. காலையில் மெத்தையை நிமிர்த்திச் சாய்த்துவைத்து, கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன்.

எங்கள் ஆச்சியின் கயிற்றுக் கட்டிலில் பூஞ்சணம் பிடித்து நான் பார்த்ததில்லை. அடியில் காற்று ஓடுகிறது, அவ்வளவுதான். தினமும் பாயைச் சுருட்டி நிமிர்த்தி வை என்று ஆச்சி திட்டுவதும் இதே பாடம்தான்.

ரூமில் தரையில் படுப்பவர்களுக்கு

சிமெண்ட் தரையில் ஈரம் இரண்டு வழியில் வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் புகுந்த வீடுகளில் தரையே ஈரம் விட்டது. எது என்று அறிய, ஒரு முழப் பாலிதீனைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மறுநாள் பாருங்கள். அடியில் ஈரமென்றால் தரையிலிருந்து வருகிறது. மேலே ஈரமென்றால் காற்றிலிருந்து. தரை ஈரத்துக்குத் தரையோடு பாலிதீன் போடலாம், ஆனால் அதற்கும் மெத்தைக்கும் நடுவில் கட்டை வைத்து இடைவெளி விட வேண்டும்.

அடுத்த டிரிப் போய்வந்த அப்பா, தகரத்தில் கொஞ்சம் வேர்த்திருந்தது, மெத்தை காய்ந்திருந்தது என்றார். ரீப்பருக்கும் ஆணிக்கும் ஆன செலவு மெத்தை விலையில் சிறு பங்குதான். பரீட்சை பீஸையும் கட்டியாயிற்று.

"இதுக்குத்தான் பீஸு கட்டுதேனா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் வாசல் மிதித்தவன் நான். அந்தக் கேள்விக்கு "ஆமாப்பா" என்று சொல்ல முடிந்தது.