கயிற்றை எப்போது கட்டுவது?

(வேத பாடம்)

தியானப் பகுதி: ஏசாயா 50:10,11, எபிரெயர் 6:18,19



நம்மில் அநேகர் பனிப்புயலைக் கண்ணால் கண்டதில்லை. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியற்காலை, தலையிலே ஒரு மப்ளர், அவ்வளவுதான். ஆனால் பனியை அனுப்புகிறவர் தேவன் என்றும், அப்போது மனுஷனுடைய கை ஓய்ந்துபோகிறது என்றும் யோபு 37ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மனுஷன் கை ஓய்ந்துபோகிற அப்படிப்பட்ட ஒரு நாளைப் பற்றி இந்தப் பாடத்தில் சொல்ல விரும்புகிறேன்.

1888ஆம் வருஷம், ஜனவரி 12. அமெரிக்காவின் டகோட்டா, நெப்ராஸ்கா சமவெளிகள். பல நாள் கடுங்குளிருக்குப் பிறகு அன்று காலை இதமாக விடிந்தது. விவசாயிகள் வெளிவேலைக்குப் போனார்கள். பிள்ளைகள் அநேகர் கனத்த மேலங்கி இல்லாமலே பள்ளிக்கூடம் போனார்கள். சில மணி நேரத்துக்குள் வடமேற்கிலிருந்து பனிப்புயல் சுவரைப்போல வந்து மோதியது. மாவு போன்ற நுண்பனி காற்றிலே பறந்தது. நீட்டிய கை தெரியவில்லை. அன்று சுமார் 235 பேர் மாண்டதாகக் கணக்கு. அவர்களில் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் பலர். அதனால் அதற்குப் 'பள்ளிப் பிள்ளைகளின் பனிப்புயல்' என்றே பெயர் வந்தது.

இப்படிப் பார்வை மறைவதை ஆங்கிலத்தில் 'ஒயிட் அவுட்' என்கிறார்கள். ராத்திரி இருட்டு அல்ல, பகலிலே வெள்ளை இருட்டு! மேலே வெள்ளை, கீழே வெள்ளை, நிழல் இல்லை, வானத்துக்கும் பூமிக்கும் நடுவே கோடு இல்லை. இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் பாடங்கள் நான்கு.

1. புயல் சொல்லிவிட்டு வருவதில்லை

2022 மார்ச் 28 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் ஒரு நெடுஞ்சாலையில் திடீர்ப் பனிக்காற்று வீசியது. முன்னால் நின்ற வண்டி தெரியாமல் சுமார் 80 வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. 6 பேர் இறந்தார்கள். நல்ல சாலை, நல்ல வண்டி, ஆனாலும் ஒரு நிமிஷத்தில் எல்லாம் மறைந்துபோயிற்று. நம் வாழ்க்கையிலும் அப்படித்தானே? காலையில் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போன மனுஷன், சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறான்.

2. அந்த நேரத்தில் நம் காலே நம்மை ஏமாற்றும்

2009ஆம் வருஷம் ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து விஞ்ஞானிகள் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சூரியனோ வேறே அடையாளமோ தெரியாவிட்டால், நேராக நடக்கிறோம் என்று நினைக்கிறவன் வட்டமடிக்கிறான். கண்ணைக் கட்டி நடக்கவிட்டால் சில சமயம் 20 மீட்டர் அகல வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறான். அவனுக்கோ, 'நான் சரியாகத்தான் போகிறேன்' என்ற எண்ணம்! சொந்தமாய் நெருப்பு மூட்டி, அந்த வெளிச்சத்தில் நடக்கிறவர்களை ஏசாயா 50:11 எச்சரிப்பது இதனால்தான்.

ஆகவே புயலுக்குள் பெரிய தீர்மானம் எடுக்காதிருங்கள். பனியில் சிக்கிய ஓட்டுநருக்கு அங்கே சொல்லும் ஆலோசனை என்ன தெரியுமா? வண்டியை விட்டு இறங்கி நடக்காதே, அதிலேயே இரு என்பதுதான். துக்கத்தின் நடுவில் சபையை விட்டுவிடுவது, கோபத்தில் குடும்பத்தை உடைப்பது, இதெல்லாம் வண்டியை விட்டு இறங்கி நடக்கிற காரியம்.

3. கயிற்றைத் தெளிந்த நாளிலே கட்ட வேண்டும்

அந்தச் சமவெளி விவசாயிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. குளிர்காலத்தில் வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே கயிறு கட்டி வைப்பார்கள். புயல் வந்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போய் மாட்டைக் கவனித்துவிட்டு வீடு திரும்பலாம். கொட்டகை கொஞ்ச தூரம்தான். ஆனாலும் கயிறு இல்லாவிட்டால் வீட்டு வாசலிலேயே வழி தவறிச் சாகலாம்.

பாருங்க, அந்தக் கயிற்றைப் புயலடிக்கிறபோது கட்ட முடியாது. வெயில் அடிக்கிறபோதுதான் கட்ட வேண்டும், அப்போது அது வீண் வேலையாகத் தெரியும். சுகமாயிருக்கும் நாளில் தினமும் வாசிக்கும் ஓர் அதிகாரம், குடும்ப ஜெபம், மனப்பாடம் பண்ணின வசனம், இவைதான் நம் கயிறு. எபிரெயர் 6:19 நம்பிக்கையை ஆத்துமாவின் நங்கூரம் என்கிறது. நங்கூரத்தையும் கரையிலிருந்து புறப்படும்போதே கப்பலில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

4. தனியே நடக்காதே

அதே 1888 புயலில் நெப்ராஸ்காவில் மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியையின் பள்ளிக்கூரையைக் காற்று பிய்த்துவிட்டது. அவர் பிள்ளைகளைச் சிதறவிடாமல் ஒன்றாகச் சேர்த்து, ஒரு பண்ணை வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். எல்லாரும் பிழைத்தார்கள்.

இங்கே ஒரு காரியத்தை வெட்கத்தோடு சொல்லுகிறேன். என் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு ஏறக்குறைய ஆறு மாதம் எனக்கு ஜெபமே வரவில்லை. பிரசங்கம் பண்ணினேன், கைதட்டிப் பாடினேன், உள்ளே வெறும் வெள்ளை. ஒரு சகோதரர் வந்து, "பாஸ்டர், ஏதோ மறைவான பாவம் இருக்குது, அறிக்கை பண்ணுங்க" என்றார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. ஆனால் ஒரு வயதான அம்மா தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருவார்கள். ஆலோசனை ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு, "வரேன் தம்பி" என்று போய்விடுவார்கள். அந்தச் சங்கீதம்தான் எனக்குக் கயிறு. எனக்குப் பிடிக்கப் பெலன் இல்லாதபோது அவர்கள் என் கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஏசாயா 50:10-ஐத் திரும்ப வாசியுங்கள். வெளிச்சமில்லாமல் இருட்டில் நடக்கிறவன் யார்? பின்மாற்றக்காரனா? இல்லை! கர்த்தருக்குப் பயந்து, அவருடைய தாசனின் சொல்லுக்குக் கீழ்ப்படிகிறவன்தான். அவனுக்கும் வெள்ளை இருட்டு வரும். அவனிடம் தேவன் கேட்பது உணர்ச்சியை அல்ல, தம்முடைய நாமத்தின்மேல் நம்பிக்கையை. ஆகவே புயலில் நிற்கிற சகோதரனைப் பார்த்து, "என்ன பாவம் செய்தாய்?" என்று கேட்காதிருங்கள். 1888இல் மாண்ட அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

அண்டார்டிகாவின் மெக்மர்டோ நிலையத்தில் பனிமேல் வழி நெடுக மூங்கில் கழிகளில் கொடி நட்டிருக்கிறார்கள். சிவப்பும் பச்சையும் பத்திரமான வழி, கறுப்பு ஆபத்து. போகிற இடம் தெரியாவிட்டாலும், அடுத்த கொடி தெரிந்தால் போதும், ஓர் எட்டு வைக்கலாம். இன்றைக்கு உங்களுக்கு ஒரு வசனம் தெரிகிறதா? அது போதும், நடங்கள்.

சிந்தனைக்கு:
1. இன்று சுகமாயிருக்கிற நான் எந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்?
2. சில வாரமாய் ஆராதனையில் காணாத ஒருவர் வீட்டுக்கு இந்த வாரம் நான் போவேனா?

ஜெபம்: கர்த்தாவே, எங்கள் கண் மறைந்தாலும் உம்முடைய கண் எங்கள்மேல் இருப்பதற்காக ஸ்தோத்திரம். புயல் வருமுன் எங்களை உம்மோடு கட்டிவையும். ஆமென்.