பானையைத் தட்டுகிறோம், கூரையைத் தட்டுகிறோமா?



சந்தையில் மண்பானை வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? விரலால் சுண்டிப் பார்க்கிறோம். 'கணீர்' என்றால் நல்ல பானை. 'சொத்'தென்று கேட்டால் எங்கேயோ கீறல். கண்ணுக்குத் தெரியாததைக் காது கண்டுபிடித்துவிடுகிறது. காங்கிரீட் கட்டடத்தையும் இப்படி உடைக்காமலே சோதிக்க முடியும்.

உள்ளே குறை ஏன் வருகிறது?

காங்கிரீட் போடும்போது சரியாகக் குத்திவிடாவிட்டால், ஜல்லிகளுக்கு நடுவே பொந்து விழும். மழைத்தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். காங்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளிப் பிளக்கும். மேலே பூசி வெள்ளையடித்தால் "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று இருந்துவிடுகிறோம். ஒருநாள் பால்வாடிப் பிள்ளைகள் தலையில் பெயர்ந்து விழும்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

1. சுத்தியலால் தட்டுவது: மேற்பரப்புக்கு அருகில் விட்டுப்போயிருந்தால், அந்த இடம் மேளத்தோல் மாதிரி அதிரும். 'டொப்' என்று வெற்றுச் சத்தம் வரும்.

2. கருவி வைத்துப் பார்ப்பது: ஆழத்தில் உள்ள பொந்து காதுக்குப் பிடிபடாது. சிறிய எஃகு உருண்டையால் தட்டி, பக்கத்திலேயே கருவியை வைப்பார்கள். நல்ல காங்கிரீட்டில் அதிர்வு நொடிக்குச் சுமார் 4,000 மீட்டர் ஓடும். 20 செ.மீ. கனமுள்ள தளத்தில் அடிப்பக்கம் போய்த் திரும்பினால் நொடிக்குச் சுமார் 10,000 தடவை அதிரும். நடுவில், 10 செ.மீ. ஆழத்தில் பிளவு இருந்தால் அங்கேயே திரும்பிவிடும். எண்ணிக்கை 20,000 ஆகிவிடும். இதை வைத்தே குறை எவ்வளவு ஆழத்தில் என்று சொல்லிவிடுவார்கள்.

இந்த முறையை 1980-களில் அமெரிக்காவில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் மேரி சான்சலோன் என்ற பெண் பொறியாளர் என்பது நமக்குப் பெருமை!

நாம் என்ன செய்யலாம்?

• பால்வாடி, பள்ளி, குழுக் கட்டடங்களின் தூண், சுவர்களைத் தட்டிக் கேட்போம். சத்தம் மாறும் இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போடுவோம்.

• கூரையில் விரிசலோ, வெளியே தெரியும் கம்பியோ இருந்தால் அதன் கீழே நின்று தட்டவே கூடாது. பிள்ளைகளையும் அங்கே உட்கார வைக்கக் கூடாது.

• பூச்சு மட்டும் விட்டிருந்தாலும் இதே சத்தம் வரும். அதனால் நாமே முடிவு கட்ட வேண்டாம். பொறியாளரை அழைத்துச் சோதிக்கச் சொல்லி எழுத்தில் மனு கொடுப்போம்.

• சோதிக்கும் முன் "பூசிவிட்டால் போதும்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

நம் ஊரில் பிள்ளைகள் உட்காரும் கட்டடங்கள் எத்தனை? அவற்றில் மழைக்கு ஒழுகுவது எது? பூச்சு பெயர்ந்தது எது? பட்டியல் எழுதி, தீர்மான நோட்டில் பதிவு செய்வோம்.

நாற்பது ரூபாய்ப் பானையைத் தட்டாமல் வாங்காத நாம், பிள்ளைகள் தலைக்கு மேலுள்ள கூரையை மட்டும் கேட்காமல் விடலாமா?