சொத்துரிமையில் தொடங்குங்கள்

கேள்வி: ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை பார்க்கிறேன். பெண்ணியம் பற்றிக் கட்டுரை நூல் படிக்க ஆசை. புத்தகக் கடைக்காரரான நீங்கள் எதைக் கையில் கொடுப்பீர்கள்?
– வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலைத்தான். சின்னப் புத்தகம், விலையும் கையைக் கடிக்காது. எல்லோரும் கற்பு பற்றிய கட்டுரையைத்தான் பேசுவார்கள். நான் சொத்துரிமைக் கட்டுரையை முதலில் படிக்கச் சொல்வேன். பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929இல். தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் சட்டம் வந்தது 1989இல். அறுபது வருடம்! அந்த 1929இல்தான் லண்டனில் வர்ஜீனியா வுல்ஃப், எழுத நினைக்கும் பெண்ணுக்குச் சொந்த வருமானமும் தனி அறையும் வேண்டும் என்று ஒரு நூல் எழுதினார். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இரண்டிலும் எனக்கு ஒரு குறை. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து போடிமெட்டு ஏறும் கூலிப் பெண் அவற்றில் அதிகம் வருவதில்லை. 2015இல் மூணாறில் தமிழ்த் தேயிலைத் தொழிலாளிப் பெண்கள் ‘பெண்பிளை ஒருமை’ என்று திரண்டு, குறைத்த போனஸை 20 சதவீதமாக்கக் கேட்டு வென்றார்கள். ஆண்கள் தலைமையிலான தொழிற்சங்கங்களை ஒதுக்கிவைத்துவிட்டே போராடினார்கள். அதைப் பற்றி வந்த கட்டுரைகளையும் தேடிப் படியுங்கள். உங்கள் வேலையிடத்துக் கணக்கை நீங்களே எழுதினால் இன்னும் நல்லது. என் கடையில் அப்படிப்பட்ட நூலுக்குத்தான் பஞ்சம்.