ஒரு கிலோ: ஆயிரமா, ஆயிரத்து இருபத்து நான்கா?



வீட்டுக் கல்யாண வீடியோக்களையும் பழைய புகைப்படங்களையும் ஒரே இடத்தில் சேர்த்துவைக்க எண்ணி, எஸ்.பி. ரோட்டுக் கடை ஒன்றில் ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் வாங்கினேன். கம்ப்யூட்டரில் செருகினால் 931 ஜிகாபைட் என்று காட்டியது. மறுநாளே கடைக்குப் போய், "மீதி 69 எங்கே?" என்று சத்தம் போட்டேன். "எல்லா டிஸ்க்கும் அப்படித்தான் காட்டும் சார்" என்றான் பையன். "ஏமாற்று வேலை" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்தேன். இரவு காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தபோதுதான் தவறு என்னுடையது என்று புரிந்தது. அந்தக் கணக்கு இதோ.

பழைய ஆங்கில அளவில் ஒரு டன் என்பது 2,240 பவுண்டு; அதாவது 1,016 கிலோ. மெட்ரிக் டன் 1,000 கிலோ. பெயர் ஒன்று, அளவு இரண்டு. எந்த டன் என்று பார்க்காமல் எந்த ரயில்வேக்காரரும் பாலத்தின் சுமையைக் கணக்கிட மாட்டார். டிஸ்க் விஷயமும் இதேதான்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள். ஓர் இலக்கம் ஒரு பிட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். பத்து இரண்டுகளைப் பெருக்கினால் 1,024. அது ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அதையும் "கிலோ" என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். டிஸ்க் தயாரிப்பவர்களோ மெட்ரிக் முறைப்படி 1,000 என்று கொள்கிறார்கள். குழப்பம் தீர, 1998இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024 கணக்குக்குக் கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்று தனிப் பெயர்கள் வைத்தது. ஆனாலும் விண்டோஸ் 1,024ஆல் வகுத்துவிட்டு, "ஜிகாபைட்" என்றே காட்டுகிறது.

என் டிஸ்க்கில் உள்ளது ஒரு லட்சம் கோடி பைட். அதை 1,024ஆல் மூன்று முறை வகுக்கவும்:

முதல் முறை: 97,65,62,500
இரண்டாம் முறை: 9,53,674
மூன்றாம் முறை: 931

ஒரு பைட்கூடத் தொலையவில்லை! இந்த வித்தியாசம் கிலோவில் 2.4 சதவீதம், மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4; டெராவில் ஏறக்குறைய 10. அளவு பெருகப் பெருக இடைவெளியும் பெருகும்.

இன்னொரு எச்சரிக்கை. இன்டர்நெட் வேகத்தைப் பைட்டில் சொல்வதில்லை, பிட்டில் சொல்கிறார்கள். வினாடிக்கு 100 மெகாபிட் என்றால், 8ஆல் வகுத்து, 12.5 மெகாபைட். ஒரு ஜிகாபைட் சினிமா இறங்க, முழு வேகம் கிடைத்தாலும் 80 வினாடி ஆகும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி:

1. 64 ஜிகாபைட் பென் டிரைவை விண்டோஸ் எவ்வளவு என்று காட்டும்?

2. இன்று பரவலாக உள்ள யூனிகோட் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். (கன்னடத்துக்கும் அதேதான்.) "தமிழ்" என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், ஆக 15 பைட். ஒரு குறளுக்குத் தாராளமாக 100 குறியீடு என்று வைத்தால், 1,330 குறளுக்கும் எத்தனை கிலோபைட்? இரண்டு முறையிலும் சொல்லுங்கள்.

விடை: 1. சுமார் 59.6. 2. ஆயிரம் கணக்கில் 399. 1,024 கணக்கில் சுமார் 390.

அடுத்த வாரமே கடைக்குப் போய், அதே போல் நாலு பேர் முன்னால் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கணக்கை முதலில் போட்டிருந்தால் அந்தச் சங்கடம் இருவருக்குமே வந்திருக்காது.