சைலன்சர் சத்தமும் பெற்றோர் பொறுப்பும்

இஷா தொழுகை முடிந்து தெரு அடங்கும் நேரத்தில், நம் பிள்ளைகள் சிலர் சைலன்சரை மாற்றிய பைக்கில் தெருவே அதிரப் போகிறார்கள். தொட்டில் குழந்தை வீறிட்டு எழுகிறது, நோயாளி திடுக்கிடுகிறார். நாமோ பழகிப்போய் இருந்துவிடுகிறோம்.

சைலன்சர் வெறும் குழாய் அல்ல. எஞ்சினிலிருந்து வேகமாக வரும் புகையை உள்ளறைகளில் தடுத்துத் திருப்பி, ஓசையை அடக்குவதே அதன் வேலை. அந்த அறைகளை எடுத்துவிட்டால் வெடியோசை அப்படியே வெளியே வரும்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 120-ஆவது விதிப்படி, ஓசையைக் குறைக்கும் சைலன்சர் கட்டாயம். ஒலி விதியை மீறினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கிறது. ஓட்டுநர் உரிமமும் 3 மாதத்துக்குச் செல்லாது. ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவரானால், 199ஏ பிரிவு பெற்றோர் மீதும் பாயும்.

காவலரைக் கண்டால் வண்டியை மெல்ல ஓட்டும் பிள்ளை, அவர் போனதும் மறுபடி முறுக்குகிறான். அவனைத் திருத்தும் இடம் வீடுதான். மாற்று சைலன்சருக்குப் பணம் கொடுத்ததும் நாம்தானே! வண்டியோடு வந்த பழைய சைலன்சரை இந்த ஜும்ஆவுக்குள் மாட்டச் சொல்வோம். அண்டை வீட்டாரின் உறக்கமும் நம்மிடம் உள்ள அமானிதமே.