படம் காட்டாததைக் குரல் சொல்லட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

தேர்வாய் கண்டிகையில் உங்கள் குழு எடுத்த காட்சிகளைப் பார்த்தேன். ஏரிக்கரை, சிப்காட் சாலை, தொழிற்சாலை மதில், பேட்டி கொடுத்த பெரியவர்கள் என்று எல்லாமே தெளிவாக வந்திருக்கின்றன. இனி எடிட்டிங்கும் பின்னணிக் குரலும்தான் பாக்கி. படம் உருவாவது இந்தக் கட்டத்தில்தான்.

காந்தியைப் பற்றிப் படமெடுக்க ஏ.கே. செட்டியார் உலகமெல்லாம் அலைந்து 50,000 அடி படச்சுருள் சேர்த்தார். அதை 12,000 அடியாகச் சுருக்கி, 1940-இல் தமிழ் விளக்கவுரையோடு வெளியிட்டார். யார் யாரோ, எதற்கெதற்கோ எடுத்த துண்டுகள் அவை. அவற்றை ஒரே வரலாறாகக் கோத்தவை வெட்டும் குரலும்தான். உங்கள் குழுவில் ஆளுக்கு ஒரு போனில் எடுத்ததையும் அப்படித்தான் கோக்க வேண்டும்.

'இதோ, நீர் நிறைந்த அழகிய ஏரி' என்று எழுதியிருக்கிறாய். அது கண்ணுக்கே தெரிகிறதே, அடித்துவிடு. 2020 நவம்பர் 21-இல் அந்த நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது, அதன் கொள்ளளவு 50 கோடி கன அடி, கண்டலேறு–பூண்டி கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா நீரைத் தேக்கிச் சென்னைக்குக் கொடுப்பதற்காகக் கட்டியது என்பதெல்லாம் காட்சியில் தெரியாது. குரல் சொல்ல வேண்டியது அதைத்தான்.

தொழிற்சாலை மதிலுக்கும் இதே கணக்கு. சிப்காட் தொழிற்பூங்காவுக்காக ஆயிரம் ஏக்கருக்கும் மேல் எடுத்தபோது, 'இது எங்கள் மேய்ச்சல் நிலம், எங்கள் காடு' என்று ஊர் மக்கள் போராடினார்கள். அங்கே ஆலை கட்டிய பிரெஞ்சு நிறுவனத்தின் மீதான அவர்களுடைய புகார் 2012-இல் பிரான்ஸ் வரை போனது. வேலைவாய்ப்பும் தொழில் வளர்ச்சியும் வரும் என்றது அரசு. இரண்டு தரப்பையும் சொல்லுங்கள். அந்தக் காட்டை இனி எந்தக் கேமராவும் எடுக்க முடியாது. அதைச் சொல்லக் குரல் ஒன்றுதான் இருக்கிறது.

ஊரார் பேசும்போது உங்கள் குரல் ஒதுங்கிவிட வேண்டும். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் பாட்டி தெலுங்கில் பேசுகிறார். வடக்கிலிருந்து வந்த தொழிலாளி இந்தியில் பேசுகிறார். முதல் இரண்டு நொடி அவரவர் குரலே முழுசாகக் கேட்கட்டும். பிறகு அதைத் தணித்துத் தமிழ்க் குரலை ஏற்றுங்கள். முடியும்போது அவருடைய கடைசி வார்த்தைகள் மறுபடி மேலே வரட்டும். பாட்டிக்கு உங்கள் குழுவிலுள்ள பெண் பிள்ளையே குரல் கொடுக்கட்டும். அழுது நடிக்க வேண்டாம், நிதானமாகச் சொன்னால் போதும்.

எழுதியதைக் கடிகாரம் வைத்து வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு தடுக்குகிற வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். ஐந்து நிமிடப் படத்துக்கு இரண்டரை நிமிடக் குரல் தாராளம். துணிமணி நிறைந்த சின்ன அறையில், மின்விசிறியை நிறுத்தி, லாரிச் சத்தம் அடங்கிய விடியற்காலையில் பதிவு செய்யுங்கள். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் 'ப', 'ம்ப' வரும் இடங்களில் காற்று வந்து மோதும். யாரும் பேசாத அறையின் ஓசையையும் பத்து நொடி தனியே பதிந்துகொள்ளுங்கள். குரலை வெட்டிய இடைவெளிகளை நிரப்ப அது உதவும்.

டாவின்சி ரிசால்வ் இலவசமாகவே கிடைக்கிறது, அது போதும். முதலில் குரலையும் பேட்டிகளையும் வரிசைப்படுத்துங்கள், அதற்குப் பிறகு காட்சிகளை வையுங்கள். அடுத்த காட்சியின் ஓசை ஒரு நொடி முன்னாலேயே தொடங்கினால் வெட்டு உறுத்தாது. பாட்டுக்கு அவசரப்படாதீர்கள். மாட்டுக் கழுத்து மணியும் ஷிப்ட் பஸ் ஹாரனும் நீங்கள் எடுத்ததிலேயே இருக்கின்றன. எடிட்டிங் கோப்பு ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். மற்றவர்கள் பார்த்து, நிமிடம், நொடி குறித்துத் திருத்தம் சொல்லட்டும்.

முடித்ததும் ஆசிரியரிடம் கொடுப்பதற்கு முன் ஊருக்குப் போய், பேசியவர்களிடம் போட்டுக் காட்டுங்கள். 'நான் இப்படிச் சொல்லலையே' என்று ஒருவர் சொன்னாலும் அந்த இடத்தை மாற்றுங்கள், ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை. அவர்கள் நம்பிக் கொடுத்த வார்த்தை அது.

அன்புடன்,
அண்ணன்