புதுப் புல்லுக்கு முதல் வெட்டு

கேள்வி: ஜூன் கடைசியில் எங்கள் சொசைட்டி முற்றத்தில் புல் பதித்தோம். மழையில் மளமளவென்று வளர்கிறது. எப்போது வெட்டலாம்?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: ஒரு கொத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் வேர் பிடிக்கவில்லை, பொறுங்கள். அசையாமல் நின்றால், 3 அங்குலம் வளர்ந்ததும் முதல் வெட்டு. அப்போதும் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஓர் அங்குலம்தான். ஒட்ட வெட்டினால் புல் நொந்து, களை புகுந்துவிடும்.

மழை விட்டு, இலை காய்ந்த பிறகே மெஷினை இறக்குங்கள். சேற்றில் சக்கரம் பள்ளம் போடும். பிளேடு கூராக இருக்கட்டும். மழுங்கியது புல்லைக் கிழித்து நுனியைப் பழுப்பாக்கும். செப்டம்பர் வரை தண்ணீர் ஊற்றுவது பெரும்பாலும் வருணன் பொறுப்பு. தேங்கும் நீரை வடிப்பது உங்கள் பொறுப்பு. பிள்ளைகளின் கிரிக்கெட்டை மட்டும் கொஞ்ச நாள் மைதானத்துக்கு மாற்றுங்கள்!